ஜாக்கெட் பிட்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பத்துக்குப் பத்து அறை. இரண்டு தையல் மிஷின், ஆளுயரக் கண்ணாடி, சுவர் ஆணிகளில் வண்ண வண்ணமாய் லேஸ் சுருள்கள். ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டால் அந்த அறைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்த ஒரு பெண், அக்கா கல்யாணத்துக்குச் சட்டை தைக்க அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பின்கழுத்து எவ்வளவு எறக்கணும் மக்ளே?” என்றார் டெய்லரக்கா.

அவள் போனை நீட்டினாள். படத்தில் ஒரு நடிகையின் முதுகு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன கோலம், முதுகு முழுக்கத் தொறந்து கெடக்கு. நாலு இஞ்ச் போதும்” என்றாள். பேரம் தொடங்கியது. நாலு, ஐந்து, ஏழு என்று ஏறி, கடைசியில் ஏழரையில் நின்றது. பின்னால் நாடா கட்டிக் குஞ்சம் தொங்கவிட்டு மிச்சத்தை மறைத்துவிடலாம் என்று டெய்லரக்கா சமாதானம் சொன்னார்.

என் முறைக்காகக் காத்திருந்த எனக்கு மடியில் ஒரு பை. பைக்குள் ஆறு ஜாக்கெட் பிட். ஒவ்வொன்றும் எண்பது சென்டிமீட்டர் துணி. வளைகாப்புக்குப் போனால் ஒன்று, பால்காய்ப்புக்குப் போனால் ஒன்று, வெற்றிலை பாக்கோடு கவரில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைத் தைப்பதே இல்லை. அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அதே கவரில் போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவு சாதாரணமாகக் கைமாறும் இன்னொரு பொருள் நம் ஊரில் உண்டா, தெரியவில்லை. இந்த அளவுத் துணிக்காகத்தான் ஒரு காலத்தில் இதே ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜெபக்கூடங்களைக் கொளுத்தினார்கள், பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள், சந்தைக்கு வந்த பெண்களின் தோளிலிருந்து சீலையைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரை இது திருவனந்தபுரத்தைப் பார்த்து நின்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நாடார் சாதிப் பெண் இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். அந்தச் சாதியில் யாரும் செருப்புப் போடக் கூடாது, தங்கம் அணியக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது, பசு கறக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. புலையர், பறையர் நிலை இதற்கும் கீழே. அவர்களை அடிமைகளாக விற்கவும் வாங்கவும் அடகு வைக்கவும் செய்தார்கள். குடைத் தடையை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று வருஷத்துக்கு இரண்டு பருவம் நனையும் ஊர் இது.

குடை, செருப்பு, குடம், துணி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அற்ப விஷயம். ஆனால் சாதிக்கு இத்தனை அடி என்று விலகி நடக்க வேண்டிய ஒரு தேசத்தில், எதிரே வருகிறவர் யார் என்று தூரத்திலேயே தெரிந்தாக வேண்டும். அதற்கு உடம்பே விலாசமாக இருக்க வேண்டியிருந்தது.

இந்த வழக்கத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மரியாதை. நம்பூதிரியைக் கண்டால் நாயர் பெண் மேல்முண்டை எடுக்க வேண்டும். ராஜாவின் முன்னால் மற்றவர்கள் எடுக்க வேண்டும். சாமி முன்னால் ராஜாவும் எடுக்க வேண்டும். ஏணியின் ஒவ்வொரு படியிலும் இருப்பவருக்குத் துணியை எடுக்க ஒரு நேரம், போட்டுக்கொள்ள ஒரு நேரம். அடிப்படியில் நின்றவளுக்கு எதிரே வரும் எல்லோருமே மேலே இருப்பவர்கள். ஆகவே அவளுக்குப் போட்டுக்கொள்ளும் நேரம் என்று ஒன்று வாய்க்கவே இல்லை. சுசீந்திரத்திலும் நாகராஜா கோயிலிலும் இன்றைக்கும் ஆண்கள் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் சந்நிதிக்குப் போகிறோம். பழைய மரியாதையில் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றும்.

மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சாவூர்ப் பக்கம் போய் கிறிஸ்தவராகித் திரும்பியதும், அவர் அழைத்ததன்பேரில் 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் லண்டன் மிஷன் சார்பில் வந்ததும் இந்தக் கதையின் தொடக்கம். 1818-ல் சார்லஸ் மீட் வந்து மிஷனை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அதற்கு முன்பே துணி விஷயம் அரண்மனை வரை போய்விட்டது. கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மற்ற இடத்துக் கிறிஸ்தவப் பெண்களைப் போல் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று, பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ ஓர் உத்தரவு போட்டார். ராஜசபைக்காரர்கள் கொதித்தார்கள். 1814-ல் உத்தரவைத் திருத்தினார்கள். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போடுகிற குப்பாயத்தைப் போட்டுக்கொள்ளலாம்; நாயர் பெண்களைப் போல் தோளில் சீலை போடக் கூடாது.

சாமர்த்தியமான உத்தரவு. துரைக்கும் மனக்குறை இல்லை, சபைக்கும் குறை இல்லை. ஒரு சின்னச் சட்டையைக் கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். அன்றைய உத்தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும்போது எனக்குப் பட்டது இதுதான். உடம்பை மறைப்பதில் அவர்களுக்குப் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை. தங்கள் வீட்டுப் பெண்ணைப் போலவே இவளும் மறைத்துக்கொள்வதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

பெண்களுக்கும் இது புரிந்திருந்தது. குப்பாயம் வெயிலையும் பார்வையையும் மறைக்கும், சாதியை மறைக்காது. பார்த்தவுடன் இன்னாள் என்று சொல்லிவிடும். அதனால் கொடுத்த குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு, அதன் மேலே கொடுக்காத தோள்சீலையையும் போட்டார்கள். மதம் மாறாத நாடார் பெண்களும் அதைப் பார்த்துப் போடத் தொடங்கினார்கள். 1822-ல் கல்குளம் பக்கம் அடிதடி. 1827-லிருந்து 1829 வரை பெரிய கலவரம், பள்ளிக்கூடங்கள் எரிந்தன. 1829 பிப்ரவரி 3-ல் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு பிரகடனம் வெளியிட்டது: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. அதே பிரகடனம் இன்னொன்றும் சொன்னது. மதம் மாறினாலும் அரசுக்குச் செய்ய வேண்டிய கூலியில்லா ஊழிய வேலையை எல்லோரையும் போலச் செய்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. துணியும் ஊழியமும் ஒரே தாளில். துணிச் சண்டை எதைப் பற்றியது என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்தச் சண்டை தெருவில் நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், மிஷன் வளாகத்தின் ஒரு திண்ணையில் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார். அதன் தொடர்ச்சியான இன்றைய டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி தன் வயதை 1819-லிருந்து எண்ணுகிறது. அங்கே எழுத்தோடு சேர்த்து அந்த அம்மா கற்றுக்கொடுத்தது லேஸ் பின்னல்.

டெய்லரக்கா கடையில் தொங்குகிற மிஷின் லேஸ் வேறு. கைலேஸை என் பாட்டி பின்னி நான் பார்த்திருக்கிறேன். மடியில் வைக்கோல் அடைத்த ஒரு கெட்டித் திண்டு. திண்டின் மேல் புள்ளி குத்திய அட்டை. புள்ளிகளில் குண்டூசிகள். ஊசிகளிலிருந்து நூல்கள் இறங்கும், ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்தில் ஒரு குச்சி. இருபது, முப்பது குச்சிகள் திண்டைச் சுற்றி விசிறி போலக் கிடக்கும். பாட்டி இரண்டு கையாலும் இரண்டு ஜோடிக் குச்சிகளை எடுப்பாள். வலதை இடதுக்கு மேலே, இடதை வலதுக்கு மேலே, ஒரு முறுக்கு, ஒரு ஊசி. கட கட கட என்று கூரையில் மழை விழுகிற சத்தம். அரை நாள் உட்கார்ந்தால் ஒரு விரல்கடை நீளம் வளரும். வாயால் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பாள், கை தப்பாது. அந்தத் திண்டைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு குச்சி இடம் மாறினால் கீழே ஒரு பூ மாறிவிடும் என்பாள்.

லேஸுக்கு வாங்க ஆள் இருந்தது, ஆங்கிலேயர் வீடுகளில். பின்னியவளுக்குக் கூலி கிடைத்தது. பனையேறிக் குடும்பத்துக்கு பாதி வருஷம்தான் பதனீர் வரும். திண்டும் குச்சியும் வருஷம் முழுக்க ஓடும். அடிமைச் சாதியில் பிறந்த பெண்பிள்ளைகள் சிலர் லேஸ் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855 ஜூனில்தான். அதற்குப் பல வருஷம் முன்பே சில பிள்ளைகள் குண்டூசியும் நூலும் வைத்து அந்தக் காரியத்தைத் தங்கள் அளவில் முடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. சீமைத் துரைசானிகளின் கழுத்துக்கும் கைக்கும் வைத்துத் தைக்கிற பூவேலையைப் பின்னிக் கொடுத்த விரல்களுக்குச் சொந்தக்காரி, வீட்டுக்குத் திரும்பும் வழியில் தன் தோளில் ஒரு வெறும் துணியைப் போட முடியாது. சும்மா இருந்த ஒருத்திக்கு இந்த வித்தியாசம் உறைத்திருக்காமல் போகலாம். நாளெல்லாம் துணியோடு இருந்தவளுக்கு உறைக்காமல் இருந்திருக்குமா?

மால்ட் தம்பதியின் மகள் எலிசா நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழைத் தாய்மொழி போலப் பேசியவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போனார். கூடவே லேஸும் போனது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப்பை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேரிக்காட்டில் பெண்பிள்ளைகளுக்குத் திண்டும் குச்சியும் கொடுத்த எலிசாவைத் தெரிந்தவர்கள் குறைவு. பின்னால் 1897-ல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்டர் அம்மையார் வந்த முளகுமூடு கன்னியர் மடமும் லேஸுக்குப் பேர் போனது.

எல்லாவற்றையும் மிஷன்தான் செய்தது என்று சொல்லிவிட்டால் கதை நேராக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. நாகர்கோவிலுக்குத் தென்கிழக்கே சாமித்தோப்பில் 1809-ல் ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். நாடார் வீட்டுப் பிள்ளைக்கு முடி என்ன, பெருமாள் என்ன என்று மேல்சாதிக்காரர்கள் அதட்ட, பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. 1833-க்குப் பிறகு அவர் அய்யா வைகுண்டர். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலையில் துணி கட்டுவது யாருக்கு உரிமை, யார் அதை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு இருந்த காலம். ராஜாங்கம் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது.

இன்றைக்கும் சாமித்தோப்பிலும் அவர் வழியினர் கூடும் நிழல்தாங்கல்களிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றுகிறார்கள், ஆனால் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். துண்டு கொண்டுவராமல் போன ஒருவர் வாசலில் நின்று இன்னொருவரிடம் இரவல் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் எதிரே கண்ணாடி. அதில் தெரிவது தலையில் துணி கட்டிய தன் முகம்.

1858-ல் மறுபடியும் தீ. இந்த முறை நாடார் பக்கத்தில் கொஞ்சம் காசும் இருந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போய் வந்தவர்கள் இருந்தார்கள், படித்தவர்கள் இருந்தார்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். திருப்பி அடித்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சில மாதங்களில் ஒன்பது ஜெபக்கூடங்களும் மூன்று பள்ளிகளும் சாம்பலாயின. விவகாரம் சென்னைக் கவர்னர் சார்லஸ் ட்ரெவலியன் வரை போனது. அவர் நெருக்க, திவான் மாதவராவ் காலத்தில், உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ல் பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் எந்த மதமானாலும் குப்பாயம் போடலாம். மீனவ முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணி கட்டலாம். வேறு எப்படியும் மறைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் இருக்கக் கூடாது.

நாற்பத்தைந்து வருஷம் அடிதடி நடந்த பிறகும் அந்தக் கடைசி வரியை விட அவர்களுக்கு மனமில்லை. ஆனால் எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அப்புறம் எந்த மடிப்பு மேல்சாதி மடிப்பு, எது கீழ்சாதி மடிப்பு என்று சந்தையில் நின்று அளந்து பார்க்க எந்த அதிகாரியால் முடியும்? விதி தாளில் கிடந்தது. பெண்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மற்றத் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்கு இந்த அனுமதி 1865-ல்தான் வந்தது. இந்த ஆறு வருஷ இடைவெளியைப் பற்றி எங்கள் ஊர் விழா மேடைகளில் யாரும் பேசுவதில்லை. தனக்குத் துணி கிடைத்ததும் பக்கத்துக் குடிசைக்காரியின் தோளைப் பார்க்காமல் போனவர்களும் இதே ஊர்க்காரர்கள்தாம்.

ஒரு சின்ன விலகல். தோள்சீலை என்று எழுதினாலே முலைவரி, அதை எதிர்த்த நங்கேலி என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அது சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. அங்கே அதற்குத் தனி வாழ்வு உண்டு. அதை நாகர்கோவில் தெருவில் கொண்டுவந்து ஒட்டுவதால் நாள், மாதம், வருஷத்தோடு இங்கே நடந்தது மங்கிப்போகிறது. நடந்ததே போதாதா? ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தில் இந்தத் தோள்சீலை வரலாறு ஒரு பகுதியாக இருந்தது. சில அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின், 2017 முதல் அதிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. பரீட்சையில் வராததை எந்தப் பிள்ளை படிக்கும்?

துணிக்குப் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக நகர்ந்தன. நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்று இருந்ததாகவும், வக்கீலாக நுழைந்த நேசமணி அந்த முக்காலியை எட்டி உதைத்து நாற்காலி போடவைத்ததாகவும் ஊரில் சொல்வார்கள். தண்ணீர்ப் பானையும் அப்படித்தான் ஒன்றாயிற்றாம். பின்னாளில் அதே நேசமணிதான் இந்த மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் போராட்டத்தை நடத்தினார். சுசீந்திரம் தெருவில் நடக்க 1926-ல் சத்தியாகிரகம். 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம். ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை உண்டு.

இப்போது குடம் பிளாஸ்டிக் ஆகி இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. பல வீடுகளில் குடமே இல்லை. மாடி இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். ஆயிரம் ஆண்களுக்கு 1019 பெண்கள். வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் வெள்ளை உடுப்பில் வார்டு வார்டாக நடக்கிற நர்ஸ்களில் எத்தனை பேருக்கு நாகர்கோவில் பேச்சு வாயில் வருகிறது என்று எண்ணி முடியாது. தங்கம் மட்டும் குறுக்கே நிற்கிறது. அன்று ஒரு குண்டுமணித் தங்கம் போட அனுமதி இல்லாத வீடுகளில் இன்று ஐம்பது பவுனா, நூறு பவுனா என்று முதல் பேச்சிலேயே கேட்கிறார்கள். பாட்டி லேஸ் பின்னிச் சேர்த்த காசில் மூத்த அத்தைக்குப் போட்டது ஆறு பவுன் என்று அப்பா சொல்வார், பெருமையாகவும் கொஞ்சம் கோபமாகவும்.

அளவு எடுத்து முடிந்தது. டெய்லரக்கா நோட்டில் எழுதிவிட்டு ஜாக்கெட் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி அந்தப் பக்கத்திலேயே பின் செய்தார். அந்தப் பெண் நாற்காலியில் கிடந்த தன் யூனிஃபார்ம் ஷாலை எடுத்தாள். இரண்டு தோளிலும் மடித்து, முன்னால் வி மாதிரி இறக்கி, பின் குத்த வேண்டிய ஷால். அது இல்லாமல் போனால் அவள் பள்ளிக்கூடத்தில் கேட்டைத் தாண்ட முடியாதாம். ஒரு தோளில் குத்திவிட்டாள். இன்னொரு பின்னைக் காணோம்.

“ஷாலை ஒழுங்காப் போடு, ரோட்டுக்குப் போறோம்” என்றாள் அம்மா.

“பின் இல்லம்மா.”

டெய்லரக்கா மிஷின் இழுப்பறையைத் துழாவத் தொடங்கினார். அதற்குள் அவள் குத்திய பின்னையும் எடுத்துவிட்டு, ஷாலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாசல்படியில் நின்று அம்மா குடையை விரித்தாள்.